முகத்தில் வைத்த புள்ளி, காதோடு போன வெட்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

செய்தித் தளம் புது வடிவமைப்புக்கு மாறிய மூன்றாம் நாள் காலை. படப் பிரிவின் பொறுப்பாசிரியர் தன் கைபேசியை என் மேசைமேல் வைத்தார். முதல் செய்தியில் மேடையில் பேசும் ஒரு பெண்ணின் படம். முகம் திரையின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு காதும் கன்னத்தில் ஒரு பகுதியும் காணவில்லை. "நான் புள்ளியை முகத்தில்தான் வைத்தேன். நீங்கள் அதை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்?" என்று கேட்டார். குரலை உயர்த்துகிறவர் அல்லர் அவர். அதனாலேயே கேள்வி கூடுதலாக உறைத்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய தளத்தில் படங்கள் எல்லாம் ஒரே வடிவத்தில், அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் வந்தன. புதிய வடிவமைப்பில் ஒரே படம் நான்கு சட்டங்களில் உட்கார வேண்டும்: முகப்பின் மேலே 3:1 பட்டை, பட்டியல்களில் 16:9, ஓரப் பகுதியில் சதுரம், கைபேசியில் முழுத்திரை அட்டைக்கு 9:16. ஒவ்வொரு படத்தையும் நான்கு முறை கையால் வெட்டிக்கொண்டிருக்க எந்தச் செய்தியறையிலும் நேரம் கிடையாது. எனவே ஃபோகல் பாயிண்ட் முறையைத் தேர்ந்தெடுத்தோம். இதைக் குவிபுள்ளி என்றே இங்கே எழுதுகிறேன். படத்தில் எது முக்கியமோ அந்த இடத்தில் ஆசிரியர் ஒருமுறை சொடுக்குவார். செய்திகளையும் படங்களையும் பதிவேற்றும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு அந்த இடத்தை இரண்டு எண்களாகச் சேமிக்கும்: இடமிருந்து இத்தனை சதவீதம், மேலிருந்து இத்தனை சதவீதம். எந்த வடிவத்துக்கு வெட்டினாலும் அந்த இடம் தப்பிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

முதலில் நானும் ஆசிரியரின் கைத்தவறு என்றுதான் நினைத்தேன். தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் 88, 20 என்று இருந்தது. படத்தில் அளந்தேன். சரியாக அந்தப் பெண்ணின் மூக்கின்மேல். அமைப்பின் உள்ளே, புள்ளியை வைக்கும் திரையிலேயே நான்கு வடிவங்களுக்கும் முன்னோட்டம் உண்டு. நான்கிலும் முகம் முழுதாக இருந்தது. ஆசிரியர் பார்த்தது அந்த முன்னோட்டத்தை. வாசகர் பார்த்தது வேறு ஒன்றை. தளம் வெளியாவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அப்போதுதான் எழுந்தது: முன்னோட்டத்தை வெட்டுவதும் பக்கத்தில் வெட்டுவதும் ஒரே நிரல்தானா?

இல்லை. முன்னோட்டத்தை வெட்டித் தந்தது வழங்கி, அதாவது தளம் இயங்கும் சர்வர். பக்கத்தில் உலாவி வெட்டியது, அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஆப்ஜெக்ட்-ஃபிட்டுக்கு 'கவர்' (சட்டத்தை நிரப்பி மிஞ்சியதை வெட்டு) என்று கொடுத்து, எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் ஆப்ஜெக்ட்-பொசிஷனில் 88%, 20% என்று எழுதியிருந்தோம். பார்த்தால் இரண்டும் ஒரே எண்கள். பொருள்தான் வேறு.

ஆப்ஜெக்ட்-பொசிஷனில் 88% என்றால் "படத்தின் 88% இடத்தைச் சட்டத்தின் நடுவில் வை" என்று பொருள் இல்லை. "படத்தின் 88% இடத்தைச் சட்டத்தின் 88% இடத்தில் வை" என்று பொருள். ஓரத்தில் இருக்கும் புள்ளியை அது ஓரத்திலேயே வைத்திருக்கும். புள்ளி வெளியே போகாது என்பது உண்மைதான். ஆனால் முகம் ஒரு புள்ளி இல்லையே. அதற்கு அகலம் உண்டு.

இந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். மூலப்படம் 3000 பிக்சல் அகலம், 2000 உயரம். மூக்கு 2640-இல் இருக்கிறது. முகம் 2440-இல் தொடங்கி 2840-இல் முடிகிறது, 400 பிக்சல் அகலம். 9:16 சட்டத்துக்கு முழு உயரத்தையும் எடுத்தால் 1125 பிக்சல் அகலமுள்ள ஒரு துண்டுதான் கிடைக்கும். மீதி 1875 பிக்சல் வெட்டுப்பட வேண்டும். உலாவி அந்த 1875-இல் 88 சதவீதத்தை, அதாவது 1650 பிக்சலை, இடப்பக்கம் விட்டுவிட்டு வெட்டுகிறது. துண்டு 1650-இலிருந்து 2775 வரை. முகமோ 2840 வரை இருக்கிறது. 65 பிக்சல் போயிற்று.

வழங்கி செய்தது வேறு கணக்கு. புள்ளியைத் துண்டின் நடுவில் வைக்கப் பார்த்தது: 2640-இலிருந்து பாதி அகலத்தைக் கழித்தால் 2077. அங்கே தொடங்கினால் துண்டு படத்தின் வலது விளிம்பைத் தாண்டிவிடும். எனவே எவ்வளவு நகர முடியுமோ அவ்வளவோடு நின்றது. துண்டு 1875-இலிருந்து 3000 வரை. முகம் முழுதாக உள்ளே. முகப்பின் 3:1 பட்டையிலும் இதே கதைதான், செங்குத்தாக. தலைமுடியின் உச்சி மேலிருந்து 120-ஆவது பிக்சலில் இருந்தது. உலாவி 200-இல் வெட்டத் தொடங்கியது. வழங்கியின் கணக்கில் 0-இல் தொடங்கியிருக்கும். கணினியில் பார்த்த யாரும் புகார் சொல்லவில்லை. உச்சந்தலை கொஞ்சம் போனால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. காது போனால்தான் கேட்கிறார்கள்.

இது ஏன் சோதனையில் பிடிபடவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் சுவையான பகுதி. சோதனை எழுதியவர் அலட்சியக்காரர் இல்லை. நடுப்புள்ளியையும் நான்கு மூலைகளையும் சோதித்திருந்தார். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 0%, 50%, 100% ஆகிய மூன்று இடங்களிலும் இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தருகின்றன. தவறு இருப்பது இடைப்பட்ட இடங்களில் மட்டும். நிஜ மனிதர்களின் முகங்கள் படத்தில் இருப்பதும் அங்கேதான்.

இந்த இடத்தில் நான் கோப்பை மூடியிருப்பேன். ஆனால் ஒரு சில்லறைக் கணக்கு உதைத்தது. 65 பிக்சல் என்றால் முகத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. கைபேசித் திரைப்பிடிப்பில் அளந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே போயிருந்தது. மூலப்படத்தின் அளவில் சொன்னால் 86 பிக்சல். இருபத்தொன்று எங்கிருந்து வந்தது?

படத்துக்கான எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தை உலாவிக்கு விவரிக்கும் குறியீட்டைப் பார்த்தோம். எஸ்ஆர்சிசெட் பட்டியலில் 480 அகலத்தில் ஒரு கோப்பு, அதன்பின் 800, 1200, 1600. முதல் கோப்பு 9:16. மற்ற மூன்றும் 16:9. "சின்னத் திரை சின்னக் கோப்பை எடுக்கும், அதற்கு நெடுக்கு வடிவம் போதும்" என்று யாரோ நினைத்திருக்கிறார். யாரோ என்ன, அந்த மாற்றத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவன் நான்.

எஸ்ஆர்சிசெட் என்பது ஒரே படத்தின் வெவ்வேறு அளவுகளுக்கான பட்டியல். அதில் எதை எடுத்தாலும் படம் ஒன்றே என்ற நம்பிக்கையில்தான் தேர்வை உலாவியிடம் விட்டிருக்கிறார்கள். 390 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையின் அடர்த்தி 3 (அகலத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிஜப் பிக்சல்கள்) என்றால் உலாவிக்குத் தேவை 1170. அது 480-ஐத் திரும்பிக்கூடப் பார்க்காது, 1200-ஐ எடுக்கும். அதாவது, ஏற்கெனவே 16:9-க்கு வெட்டப்பட்ட கோப்பு. அதை சிஎஸ்எஸ் மறுபடியும் 9:16-க்கு வெட்டியது. முதல் வெட்டில் உயரம் 2000-இலிருந்து 1687 ஆகிவிட்டதால், இரண்டாம் வெட்டில் கிடைத்த துண்டு 1125-க்குப் பதிலாக 949 பிக்சல் அகலம்தான். துண்டு 2754-இல் முடிந்தது. 2840-இலிருந்து கழித்தால் 86. கணக்கு நேரானது.

வெட்டியதை மறுபடி வெட்டும்போது இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்கிறது. குவிபுள்ளியின் எண்கள் மூலப்படத்துக்கானவை. முதல் வெட்டுக்குப் பிறகு மேலிருந்து 20% என்பது அதே இடம் இல்லை; அந்த மூக்கு இப்போது ஏறக்குறைய 24 சதவீதத்தில் இருக்கிறது. எண்ணை மாற்றாமல் படத்தை மட்டும் மாற்றினால் புள்ளி மெல்ல மெல்ல நெற்றிக்கு ஏறிவிடும்.

வேர்ட்பிரஸ் என்ற உள்ளடக்க அமைப்பு 2015 டிசம்பரில் 4.4 பதிப்பில் எஸ்ஆர்சிசெட்டைத் தானாகச் சேர்க்கத் தொடங்கியபோதே இதைக் கவனித்திருந்தது: விகிதம் ஒத்துப்போகும் அளவுகளை மட்டுமே பட்டியலில் சேர்க்கும். வடிவமே மாற வேண்டும் என்றால் அதற்குரிய எச்டிஎம்எல் உறுப்பு பிக்சர். அதனுள் ஒவ்வொரு சோர்ஸும் ஒரு வடிவம். எந்தத் திரைக்கு எது என்பதை அங்கே நாம் கட்டளையாகச் சொல்கிறோம், உலாவி மீற முடியாது. அந்த வடிவத்துக்குள் எத்தனை பிக்சல் வேண்டும் என்பதை அந்த சோர்ஸின் எஸ்ஆர்சிசெட்டில் உலாவியின் விருப்பத்துக்கு விடுகிறோம். நாங்களும் அப்படியே மாற்றினோம். நான்கு வடிவங்களையும் வழங்கியே வெட்டும். சிஎஸ்எஸ்ஸுக்கு வெட்டும் வேலை கிடையாது. முன்னோட்டமும் பக்கமும் ஒரே கோப்புகளைக் காட்டும்.

அதே கையோடு, படம் எவ்வளவு அகலத்தில் வரும் என்று உலாவிக்குச் சொல்லும் சைஸஸ் பண்பையும் பார்த்தோம். முகம் போனதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால் சுருக்கமாக. சைஸஸ் எழுதாவிட்டால், படம் திரையின் முழு அகலத்துக்கும் வரும் என்று உலாவி எடுத்துக்கொள்ளும். பக்கத்தின் அமைப்பு முடிவாவதற்கு முன்பே அது படத்தை இறக்கத் தொடங்கிவிடுவதால் வேறு வழியும் இல்லை. 1440 அகலத் திரையில், அடர்த்தி 2 என்றால், 400 பிக்சல் அட்டைக்கு 800 பிக்சல் கோப்பு போதும். எங்கள் பக்கம் 2560-ஐ இறக்கிக்கொண்டிருந்தது. பத்து மடங்கு பிக்சல்கள். சைஸஸில் 'ஆட்டோ' என்று எழுதும் வசதி 2024-இல் குரோமில் வந்தது. ஆனால் அது தாமதமாக, அதாவது வாசகர் உருட்டி அருகே வரும்போது ஏற்றும் படங்களுக்கு மட்டுமே செல்லும். முகப்பின் முதல் படத்தைத் தாமதமாக ஏற்றக் கூடாது என்பதால், அதற்குக் கையால்தான் எழுத வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று எழுதி அனுப்பிய அன்று மாலையே பொறுப்பாசிரியர் மறுபடி வந்தார். இந்த முறை ஒரு நிருபர் கைபேசியில் நெடுக்காக எடுத்த படம். புள்ளி முகத்தில், 50%, 25%. வெட்டில் வந்தது முழங்கை. முன்னோட்டத்திலும் முழங்கைதான். அந்த அளவுக்கு முன்னேற்றம், இரண்டும் இப்போது ஒரே பொய்யைச் சொன்னன.

கைபேசி கேமராக்கள் பெரும்பாலும் படத்தைப் படுக்கையாகவே சேமித்துவிட்டு, "காட்டும்போது திருப்பிக் காட்டு" என்று கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் குறிப்பில் எழுதிவைக்கும். அந்தக் குறிப்புக்கு 1 முதல் 8 வரை எட்டு மதிப்புகள் உண்டு. இந்தப் படத்தில் 6, கடிகாரத் திசையில் கால் சுற்று. 2020-இல் முன்னணி உலாவிகள் இந்தக் குறிப்பை இயல்பாகவே மதிக்கத் தொடங்கின. எனவே புள்ளி வைக்கும் திரையில் ஆசிரியருக்குப் படம் நிமிர்ந்து தெரிந்தது. நிமிர்ந்த படத்தில் அவர் 50%, 25% என்று வைத்தார். வழங்கியில் இருந்த பட நூலகமோ (படங்களை வெட்டும் ஆயத்த நிரல்) குறிப்பைப் படிக்காமல், படுத்திருக்கும் பிக்சல்களில் 50%, 25% எங்கே என்று தேடி வெட்டியது. படுத்த படத்தில் அந்த இடம், நிமிர்த்திப் பார்த்தால் 75%, 50%. நடு உயரத்தில், வலப்பக்கம். முழங்கை அங்கேதான் இருந்தது.

இங்கே புள்ளியைத் திருப்பும் கணக்கை எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் மறுத்தேன். எட்டு மதிப்புகளுக்கும் எட்டுக் கணக்குகள், அவற்றில் நான்கு கண்ணாடிப் பிம்பங்கள். எங்கேயாவது ஒன்று தப்பும். படம் பதிவேறும் கணத்திலேயே பிக்சல்களை நிமிர்த்திவிட்டு, குறிப்பை 1 என்று மாற்றிவிடுவது மேல். பிரபலமான பட நூலகங்கள் பலவற்றில் இதற்கு ஒற்றை வரிக் கட்டளை உண்டு. இமேஜ்மேஜிக்கில் 'ஆட்டோ-ஓரியன்ட்', பைத்தானின் பில்லோவில் 'எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்'. அதன்பிறகு யாரும் எங்கும் திசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது புகாரை நான் பாதியிலேயே ஊகித்துவிட்டேன். "புள்ளியை நகர்த்தினேன், படம் நகரவில்லை." வெட்டிய கோப்பின் முகவரி மாறவில்லை, கோப்புகளின் நகல்களைச் சேமித்து வாசகர்களுக்கு வழங்கும் விநியோக வலையமைப்பு ஓர் ஆண்டுக்குச் சேமித்துவைக்கச் சொல்லியிருந்த பழைய வெட்டையே கொடுத்துக்கொண்டிருந்தது. குவிபுள்ளியின் எண்களிலிருந்து பிறக்கும் ஒரு சிறு குறியைக் கோப்பின் முகவரியிலேயே சேர்த்தோம். புள்ளி மாறினால் முகவரி மாறும். பழையது தானே செத்துப்போகும். சேமிப்பைத் துடைக்கும் பொத்தானை ஆசிரியர்களிடம் கொடுப்பது இதற்குத் தீர்வு ஆகாது. அதை அழுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய வருவதற்குள் செய்தி பழையதாகிவிடும்.

நிரலில் இருந்த கோளாறுகள் இவ்வளவுதான். இதன்பிறகு வந்தவை எங்கள் தரவு அமைப்பில் இருந்த அறியாமைகள். எனக்கு அவைதான் கனமானவை.

முதலாவது: புள்ளி வைக்காத படங்களுக்கு அமைப்பு 50%, 50% என்று எழுதிவைத்தது. ஆசிரியர் யோசித்து நடுவில் வைத்த படமும், யாரும் தொடாத படமும் தரவுத்தளத்தில் ஒன்றுபோலவே தெரிந்தன. எத்தனை படங்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன என்று எண்ணக்கூட முடியவில்லை. இப்போது வைக்காத புள்ளி வெற்றாகவே இருக்கும். வெட்டும்போது நடுவை எடுத்துக்கொள்வோம், ஆனால் "வைத்தார்கள்" என்று பொய் எழுதமாட்டோம்.

வெற்றாகக் கிடப்பவற்றை முகம் கண்டறியும் நிரல் நிரப்பட்டும் என்றார்கள். வாக்டெயில் என்ற உள்ளடக்க அமைப்பில், ஓப்பன்சிவி என்ற பட ஆய்வு நூலகத்தைக் கொண்டு இப்படி ஒரு வசதி இருக்கிறது. முயன்று பார்த்தோம். ஒரு மேடைப் படத்தில் முன்வரிசைப் பார்வையாளரின் முகம்தான் பெரிது, பேச்சாளர் தூரத்தில். நிரல் பார்வையாளரைத் தேர்ந்தெடுத்தது. இதில் பெரிய அளவில் கையைச் சுட்டுக்கொண்ட நிறுவனம் ட்விட்டர். 2018-இல், பார்ப்பவரின் கண் எங்கே போகும் என்று கணிக்கும் நிரலை வைத்துப் படங்களின் முன்னோட்டத்தை வெட்டத் தொடங்கியது. 2020-இல், அது கறுப்பினத்தவரைவிட வெள்ளையரின் முகங்களையே தேர்ந்தெடுக்கிறது என்று பயனர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். நிறுவனம் தானே ஆராய்ந்து 2021 மே மாதத்தில் முடிவுகளை வெளியிட்டது: வேறுபாடு இருந்தது, படத்தை எப்படி வெட்டுவது என்பதை மனிதர்கள் முடிவு செய்வதே நல்லது. எங்கள் நிரல் இப்போது ஒரு மங்கலான வட்டத்தைக் காட்டும், அவ்வளவுதான். ஆசிரியர் தொட்டால்தான் அது புள்ளி ஆகும்.

இரண்டாவது: புள்ளி யாருடையது? இரண்டு பேர் கைகுலுக்கும் படம். ஒரு செய்தி இடப்பக்கத்தவரைப் பற்றியது. ஒரு மாதம் கழித்து அதே படம் வலப்பக்கத்தவரைப் பற்றிய செய்திக்கு வருகிறது. ஆசிரியர் புள்ளியை வலப்பக்கம் நகர்த்துகிறார். பழைய செய்தியின் சதுரப் படத்தில் ஆள் மாறிப்போகிறார், யாருக்கும் தெரியாமல். கிராஃப்ட், வாக்டெயில் போன்ற உள்ளடக்க அமைப்புகள் புள்ளியைப் படத்தோடு சேமிக்கின்றன. சானிட்டியும் டைப்போ3-உம் படம் பயன்படும் இடத்தில் சேமிக்கின்றன. இரண்டிலும் நியாயம் உண்டு: முதலாவதில் ஒருமுறை வைத்தால் போதும், இரண்டாவதில் ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது. நாங்கள் படத்தோடு ஒரு பொதுப்புள்ளியை வைத்துக்கொண்டு, கட்டுரை விரும்பினால் தன் புள்ளியை மேலே எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தோம். கூடவே, பொதுப்புள்ளியை மாற்றும்போது அந்தப் படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்ற பட்டியல் திரையில் வரும். இந்தப் பட்டியலைச் செய்ய ஆன நேரம் மற்ற எல்லாத் திருத்தங்களுக்கும் ஆன நேரத்தைவிட அதிகம். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. நான் விடவில்லை.

கைகுலுக்கும் படத்தை 9:16-க்கு வெட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்திருப்பீர்கள். இருவரும் இரு ஓரங்களில். புள்ளியை நடுவில் வைத்தால் இரண்டு கைகளும் பின்னால் ஒரு சுவரும் கிடைக்கும். ஒரு புள்ளிக்குப் பரப்பளவு கிடையாது. "இதிலிருந்து இதுவரை வேண்டும்" என்று அதனால் சொல்ல முடியாது. டைப்போ3-இல் ஒவ்வொரு வெட்டு வடிவத்துக்கும் ஒரு குவிபரப்பைக் கட்டமாகக் குறிக்கலாம்; சானிட்டியில் வட்டத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கலாம். எங்களிடம் அவ்வளவு இல்லை. "வெட்டாதே" என்று ஒரு தேர்வுப்பெட்டி மட்டும் சேர்த்தோம். அதைக் குறித்தால் படம் சட்டத்துக்குள் முழுதாகச் சுருங்கி, மேலும் கீழும் வெறும் நிறம் நிற்கும். வரைபடங்களுக்கும் எழுத்துள்ள படங்களுக்கும் அது தானாகவே குறிக்கப்பட்டிருக்கும்.

எல்லாவற்றையும் வெளியிட்ட பிறகு அந்த மேடைப் படத்தைப் பொறுப்பாசிரியரிடம் காட்டினேன். 9:16 அட்டையில் முகம் முழுதாக, காதோடு. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "கை எங்கே?" என்றார்.

மூலப்படத்தில் அந்தப் பெண் பேசும்போது இடக்கையை முன்னால் நீட்டி எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் 1600-ஆவது பிக்சலில். எங்கள் துண்டு தொடங்குவது 1875-இல். புள்ளியை இடப்பக்கம் நகர்த்தினால் விரல் வரும், காது போகும். 1125 பிக்சலுக்குள் இரண்டும் அடங்காது. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. தொகுப்பைத் திறந்து, அதே மேடையில் நெடுக்காக எடுத்த வேறொரு படத்தைக் கைபேசி அட்டைக்கு மட்டும் போட்டார்.